விபத்து நடக்காத சாலை பாதுகாப்பான சாலையா?

எட்டாம் வகுப்பில் அடியெடுத்து வைத்த என் மகள், சென்ற ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரத்தில் ஒரு விண்ணப்பத்தை முன்வைத்தாள். பள்ளி வாகனம் வேண்டாம், மிதிவண்டியில் போய் வருகிறேன் என்பதே அது. புனே நகரின் கோத்ருட் பகுதியில் உள்ள எங்கள் குடியிருப்பிலிருந்து பள்ளி 3.4 கிலோமீட்டர் தொலைவு. பள்ளி வாகனம் பல குடியிருப்புகளைச் சுற்றிக்கொண்டு செல்வதால் ஐம்பது நிமிடம் ஆகிறது. மிதிவண்டியில் இருபது நிமிடம் போதும். நான் தயங்குவதைக் கண்டு அவள் கேட்டாள்: “அப்பத்தா மட்டும் ஓட்டினாங்க, நான் ஓட்டக் கூடாதாப்பா?”

என் தாயார் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அம்மாவட்டத்துப் பெண்களுக்கு எழுத்தறிவோடு மிதிவண்டியையும் கற்றுக்கொடுத்ததை வாசகர்களில் பலர் அறிவீர்கள். அவ்வாறு கற்றுக்கொண்ட ஆயிரக்கணக்கானோரில் அவரும் ஒருவர். இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பின்பு, முட்டி சிராய்ந்து, ஊரார் சிரித்து, பிறகு சிரித்தவர்களே வழிவிட்ட கதையை அவர் இன்றும் சொல்வார். அவர் ஓட்டியது செம்மண் சாலையில். நாளைக்கு நான்கு பேருந்துகளும் சில மாட்டு வண்டிகளும் மட்டுமே சென்ற வழி அது. என் மகள் கேட்பதோ, நாட்டின் மிகுந்த நெரிசலுள்ள நகரங்களுள் ஒன்றின் காலை ஏழரை மணிச் சாலை. இரண்டையும் ஒப்பிட முடியாது என்று சொல்லிவிடலாம். ஆனால் எதைக் கொண்டு ஒப்பிட முடியாது என்கிறேன் என்று யோசித்தபோது, என்னிடம் அச்சத்தைத் தவிர வேறு அளவுகோல் இல்லை என்பது தெரிந்தது.

வங்கியில் இருபது ஆண்டுகளாகக் கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிப்பவன் நான். பார்க்காமல் ஒப்புதல் தருவது எவ்வளவு தவறோ, பார்க்காமல் மறுப்பதும் அவ்வளவு தவறு என்று எங்களுக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. எனவே மகளிடம் ஒரு மாதம் தவணை கேட்டேன். அந்த ஒரு மாதத்தில் நான் படித்ததும் நேரில் பார்த்ததும் இந்தக் கட்டுரைக்கு அடிப்படை.

முதலில் விபத்துக் கணக்கைத் தேடினேன். எவரும் அதைத்தான் செய்வார்கள். மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையின்படி 2022ஆம் ஆண்டில் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்தன. 1,68,491 பேர் உயிரிழந்தனர். இறந்தவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். மிதிவண்டியில் சென்றவர்களின் பங்கு சுமார் 3 விழுக்காடு. இரு சக்கர மோட்டார் வாகனங்களில் சென்றவர்கள் ஏறத்தாழப் பாதிப் பேர் என்னும்போது, இந்த 3 விழுக்காடு மனத்துக்கு ஆறுதலாகவே தோன்றுகிறது. மிதிவண்டிதான் பாதுகாப்பானது என்று ஒருவர் இதை வைத்து வாதிடவும் கூடும்.

இந்த ஆறுதல் ஏன் பொய்யானது என்பதை வங்கிக் கிளையில் பணியாற்றியவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். ஒரு கிளையில் வாராக்கடன் ஒரு ரூபாய்கூட இல்லை என்று அறிக்கை வந்தால், அடுத்த கேள்வி, அந்தக் கிளை எவ்வளவு கடன் கொடுத்திருக்கிறது என்பதாகத்தான் இருக்கும். கடனே கொடுக்காத கிளையில் வாராக்கடன் இராது. அதுபோல மிதிவண்டியே போகாத சாலையில் மிதிவண்டி விபத்தும் இராது. எண்ணிக்கையை எதனால் வகுக்கிறோம் என்பதைச் சொல்லாமல் எண்ணிக்கையை மட்டும் சொல்வது பாதிக் கணக்கு.

கொல்கத்தா நகரில் 2013ஆம் ஆண்டில் 174 சாலைகளில் மிதிவண்டிகள் செல்லத் தடை விதிக்கப்பட்டது. வாகனங்களின் வேகத்துக்கு அவை இடையூறு என்பதே அன்று கூறப்பட்ட முக்கியக் காரணம். பின்னர் எதிர்ப்பு எழுந்து பட்டியல் குறைக்கப்பட்டது. தடை முழுமையாக நடைமுறைக்கு வந்ததாகவே வைத்துக்கொள்வோம். அந்தச் சாலைகளில் மிதிவண்டி ஓட்டிகள் இறப்பது நின்றுபோகும். விபத்துக் கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு அவை நாட்டிலேயே பாதுகாப்பான மிதிவண்டிச் சாலைகளாகத் தோன்றும். பால்காரரும் செய்தித்தாள் போடும் சிறுவனும் சுற்றுவழியில் இரண்டு மடங்கு தொலைவு மிதித்துக்கொண்டிருப்பது எந்த அட்டவணையிலும் வராது.

புனேயில் எவரும் அப்படித் தடை விதிக்கவில்லை. ஆயினும் விளைவு வேறாக இல்லை. ஒரு காலத்தில் மிதிவண்டிகளின் நகரம் என்று பெயர் பெற்ற ஊர் இது. எங்கள் கிளைக்கு வரும் ஓய்வூதியர்களிடம் கேட்டால், பேராசிரியர்களும் வழக்கறிஞர்களும் கோப்புகளைப் பின்னிருக்கையில் கட்டிக்கொண்டு மிதித்த நாள்களை விவரிப்பார்கள். ஆலைகளில் வேலைமுறை மாறும்போது சாலை முழுவதும் மிதிவண்டியாகத் தெரியும் என்பார்கள். பிறகு மோப்பட் வந்தது, ஸ்கூட்டர் வந்தது, கார் வந்தது. வசதிக்காக மாறியவர்கள் பலர். அச்சத்தால் மாறியவர்கள் எத்தனை பேர் என்று எவரும் எழுதி வைக்கவில்லை. மிதிவண்டியை விட்டவர் விபத்துக் கணக்கில் வரமாட்டார். ஆனால் அவர் விட்டதற்கான காரணம் அந்தச் சாலையில் அப்படியே இருக்கிறது. பெரிய விபத்துகள் மட்டுமே காவல் நிலையத்துக்குப் போகின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மழைநீர் வடிகாலின் கம்பித்தட்டில் முன்சக்கரம் சிக்கிக் கீழே விழுந்து மணிக்கட்டு முறிந்தவர் எலும்பு மருத்துவரிடம் போவார். புகார் கொடுக்கப் போகமாட்டார்.

மிதிவண்டி என்றால் உடற்பயிற்சிக்காகத் தலைக்கவசம் அணிந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்பவர்களின் உருவமே இன்று நம் மனத்தில் எழுகிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேறொரு படத்தைக் காட்டியது. வேளாண்மையும் வீட்டுத் தொழிலும் நீங்கலாக மற்ற தொழில்களில் உள்ளவர்களில் சுமார் 13 விழுக்காட்டினர், அதாவது ஏறக்குறைய 2.6 கோடிப் பேர், வேலைக்கு மிதிவண்டியில் சென்றுவந்தனர். காரில் சென்றவர்கள் 3 விழுக்காட்டுக்கும் குறைவு. நாம் சாலையில் கார்களையே அதிகம் பார்ப்பதாக எண்ணுவதற்குக் காரணம், ஒரு கார் பிடித்துக்கொள்ளும் இடம். அந்தப் பட்டியல் பழையதாகிவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் காலை ஆறு மணிக்கும் இரவு பத்து மணிக்கும் தெருவில் நின்று பாருங்கள். காவலாளிகள், கட்டடத் தொழிலாளர்கள், வீட்டு வேலைக்குச் செல்வோர், உணவகப் பணியாளர்கள் ஆகியோர் கூட்டம் மெல்ல மிதித்துச் செல்வதைக் காணலாம். அவர்களுள் பலருக்கு வேறு வாகனத்தைத் தேர்ந்துகொள்ளும் வசதி இல்லை.

ஆகவே விபத்துக்குப் பிந்திய கணக்கை விட்டுவிட்டு, விபத்துக்கு முன்பே சாலையை எப்படி மதிப்பிடுவது என்று தேடினேன். இத்துறையில் உள்ளவர்கள் இதற்குப் பல முறைகளை வகுத்திருக்கிறார்கள். சர்வதேச அளவில் சாலைகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் வழங்கும் முறை ஒன்று உண்டு. அதில் எனக்குப் பிடித்த செய்தி, ஒரே சாலைக்கு நான்கு மதிப்பெண்கள் தருகிறார்கள் என்பதே. காரில் இருப்பவருக்கு ஒன்று, மோட்டார் சைக்கிளில் செல்பவருக்கு ஒன்று, நடப்பவருக்கு ஒன்று, மிதிவண்டிக்கு ஒன்று. காரில் இருப்பவருக்கு நான்கு நட்சத்திரம் பெறும் அகலமான புதிய சாலை, மிதிவண்டிக்கு ஒற்றை நட்சத்திரமாக இருக்கலாம். ‘நல்ல ரோடு’ என்று நாம் பொதுவாகச் சொல்லும்போது யாருக்கு நல்ல ரோடு என்று கேட்பதே இல்லை.

என் தேவைக்குப் பொருந்தியது வேறொரு முறை. அமெரிக்காவில் மெக்குரியா, ஃபர்த், நிக்ஸன் என்னும் மூவர், கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரை ஆராய்ந்து 2012இல் வெளியிட்டது. சாலை ஓட்டுபவருக்குத் தரும் பதற்றத்தை அவர்கள் நான்கு படிகளாகப் பிரித்தார்கள். முதற்படி, சிறுவர்களும் செல்லக்கூடியது. இரண்டாம் படி, பெரும்பாலான வயது வந்தவர்கள் ஏற்கக்கூடியது. மூன்றாம் படி, பழகித் தேர்ந்தவர்களுக்கு உரியது. நான்காம் படி, எதற்கும் அஞ்சாதவர்கள் மட்டும் செல்வது. ஒரு சாலை எந்தப் படியில் இருக்கிறது என்பதை அறிய மிகச் சிக்கலான கருவிகள் தேவையில்லை. வாகனங்களின் வேகம் என்ன, எத்தனை தடங்கள் உள்ளன, மிதிவண்டிக்குத் தனி இடம் உண்டா, அதன் அகலம் எவ்வளவு, பக்கத்தில் வண்டிகள் நிறுத்தப்படுகின்றனவா, பாதையை மறிப்பது அரிதா வழக்கமா, சந்திப்பை எப்படிக் கடக்க வேண்டியிருக்கிறது என்பவை போதும்.

அம்முறையின் உயிர்நிலை ஒரு விதியில் இருக்கிறது. ஒரு வழியின் மதிப்பு அதன் பகுதிகளின் சராசரி அன்று. அவற்றுள் மிக மோசமான பகுதியின் மதிப்பே முழு வழியின் மதிப்பு. மூன்று கிலோமீட்டர் பூங்காவுக்குள் செல்வது போல இருந்து, நடுவில் நூறு மீட்டர் அஞ்சத்தக்கதாக இருந்தால் அது அஞ்சத்தக்க வழிதான். நகரில் எத்தனை கிலோமீட்டர் மிதிவண்டித் தடம் போடப்பட்டுள்ளது என்ற அறிவிப்புகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இனி இந்த விதி நினைவுக்கு வரும். நீளத்தைக் கூட்டிச் சொல்வது எளிது. எங்கெங்கே அறுந்திருக்கிறது என்று சொல்வதுதான் பயன்படும்.

குறிப்பேட்டுடன் நான் இறங்கினேன். நகர நிர்வாகத்தின் ஆய்வுகள் பெரும்பாலும் காரிலிருந்தே நடக்கும் என்று ஓய்வுபெற்ற பொறியாளரான ஒரு வாடிக்கையாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். கடன் வழங்குமுன் கடையை நேரில் பார்க்கச் சென்று, சாலையின் எதிர்ப்புறம் வண்டியில் அமர்ந்தபடியே அறிக்கை எழுதும் அதிகாரியைப் போன்றது அது. எனவே பக்கத்து வீட்டு இளைஞரின் மிதிவண்டியை இரவல் வாங்கினேன். ஞாயிறன்று ஒருமுறை, பின்னர் பள்ளி நாள்களில் நான்கு முறை, அவள் செல்ல வேண்டிய அதே நேரத்தில் மிதித்தேன். நாற்பத்தாறு வயதில் முதல் நாளே தொடை பேசிற்று.

வழியை ஐந்து பகுதிகளாகப் பிரித்துக்கொண்டேன். முதற்பகுதி எங்கள் குடியிருப்பின் உட்தெரு, அறுநூறு மீட்டர். வளைவுகளும் வேகத்தடைகளும் உள்ளதால் எவரும் விரைவாகச் செல்ல முடியாது. மரநிழல் உண்டு. நாய்கள் உண்டு; அவை என்னைத் துரத்தின, அவளைத் துரத்தமாட்டா, ஏனெனில் தினமும் ரொட்டி போடுபவள் அவள்தான். இதற்கு முதற்படி என்று குறித்தேன்.

இரண்டாம் பகுதி பெரிய சாலை. இங்கே மிதிவண்டித் தடம் இருக்கிறது. நடைபாதைக்குப் பக்கத்தில், சிவப்பு வண்ணக் கற்கள் பதித்து, மிதிவண்டிப் படம் வரைந்து முறையாகவே அமைத்திருக்கிறார்கள். அமைத்தவர்கள்மீது குறை சொல்ல எனக்கு மனமில்லை. 1,100 மீட்டர் நீளத்தில் நான் பதினேழு முறை இறங்க நேர்ந்தது. ஒரு மின்மாற்றிப் பெட்டி, இரண்டு பேருந்து நிழற்குடைகள், ஒரு வடைபாவ் வண்டி, மரத்தைச் சுற்றிக் கட்டிய மேடை, கடைகளின் முன் நின்ற ஸ்கூட்டர்கள், ஒரு திருமண மண்டபத்தின் அலங்கார வளைவுக்காக நட்ட மூங்கில். மோட்டார் வண்டிகள் ஏறாமல் இருக்க நட்டிருந்த இரும்புக் கம்பங்களுக்கு இடையே என் கைப்பிடியே சிக்கிக்கொண்டது. ஒவ்வொரு கட்டட வாயிலிலும் தடம் சரிந்து இறங்கி மறுபடி ஏறுகிறது. காருக்குச் சாய்தளம் அமைக்கப்பட்டிருக்கிறது. மிதிவண்டி அரையடி படியில் குதித்து ஏற வேண்டும். நான்காம் நாள் நானும் மற்றவர்களைப் போலத் தடத்தை விட்டுச் சாலையில் இறங்கினேன். ‘தடம் போட்டுக் கொடுத்தும் பயன்படுத்துவதில்லை’ என்று மிதிவண்டி ஓட்டிகளைக் குறைகூறும் பேச்சை இதுவரை நானும் பேசியிருக்கிறேன். இனிப் பேசமாட்டேன்.

சாலையில் இறங்கினால் இரண்டு அச்சங்கள். நிறுத்தியிருக்கும் கார்களின் வலப்புறக் கதவு திடீரெனத் திறப்பது ஒன்று. வேகம் மற்றொன்று. வேகத்தைப் பற்றி நாம் உணர்ச்சியாகப் பேசுகிறோம்; அதில் கணக்கும் இருக்கிறது. மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடிப்படி உயரும். 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காரைவிட 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் அதே கார் ஏறத்தாழ 2.8 மடங்கு ஆற்றலோடு மோதும். ஓட்டுநர் கண்டு, உணர்ந்து, தடையை மிதிக்க ஒரு நொடி எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு நொடியில் முதலாவது கார் 8 மீட்டரும் இரண்டாவது கார் 14 மீட்டரும் கடந்திருக்கும். 2020ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஸ்டாக்ஹோம் நகரில் நடந்த உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாடு, நடப்பவர்களும் மிதிவண்டி ஓட்டுபவர்களும் வாகனங்களோடு கலந்து செல்லும் இடங்களில் 30 கிலோமீட்டரே உச்ச வேகமாக இருக்க வேண்டும் என்று அறிவித்ததன் பொருள் இதுவே. காலை ஏழரை மணிக்கு என் இரண்டாம் பகுதியில் நெரிசல் இன்னும் தொடங்கியிருக்காது. வண்டிகள் 30இல் செல்வதில்லை. நெரிசல் மிகுந்த ஒன்பது மணிக்குத்தான் இச்சாலை ஓரளவு பாதுகாப்பாகிறது! இப்பகுதிக்கு மூன்று என்று போட்டேன்.

மூன்றாம் பகுதியை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன். அது ஒரு சந்திப்பு. நீளம் நூற்றிருபது மீட்டர். சந்திப்புக்கு முப்பது மீட்டர் முன்பே மிதிவண்டித் தடம் முடிந்துவிடுகிறது. எங்கே மிகவும் தேவையோ அங்கே தடம் மறைகிறது. இடப்புறம் திரும்பும் வாகனங்களுக்குச் சமிக்ஞை இல்லை. அவை நிற்காமல் திரும்பலாம். நேரே செல்ல வேண்டிய மிதிவண்டியோ இடது ஓரத்தில் இருக்கிறது. ஆகவே நேரே செல்லும் மிதிவண்டியின் குறுக்கே, திரும்பும் ஒவ்வொரு வண்டியும் வெட்டிச் செல்கிறது. இதைத் தவிர்க்க மிதிவண்டி ஓட்டி நடுத்தடத்துக்கு நகர வேண்டும். அப்போது பின்னால் வரும் பேருந்து ஒலிப்பானை அழுத்துகிறது. இரண்டாம் நாள் ஒரு டெம்போ என் முன்சக்கரத்தை உரசுவது போலத் திரும்பியது. ஓட்டியவர் கெட்டவர் அல்லர். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அவருடைய இருக்கையிலிருந்து பார்த்தால் நான் தெரிந்திருக்கமாட்டேன். இப்பகுதிக்கு நான்கு.

நான்காம், ஐந்தாம் பகுதிகள் மறுபடி உட்தெருக்கள். பள்ளி வாசலுக்கு முந்திய இருநூறு மீட்டரில் பெற்றோர்களின் கார்கள் இரண்டு வரிசையாக நிற்பதைத் தவிர அங்கே பெரிய சிக்கல் இல்லை. தம் பிள்ளையைப் பாதுகாப்பாக இறக்கிவிட வந்த கார்கள் மற்றப் பிள்ளைகளுக்கு இடராக நிற்பதைக் காண வேடிக்கையாக இருந்தது. வேடிக்கை என்றா எழுதினேன்? இரண்டு ஆண்டுகளாக மழைநாள்களில் நானும் அந்த வரிசையில் நின்றவன்தான்.

ஆக, 3.4 கிலோமீட்டரில் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் முதற்படி. நீளத்தின்படி சராசரி எடுத்தால் இரண்டுக்கும் கீழே வரும். ‘ஏற்கத்தக்கது’ என்று எழுதிக் கையொப்பமிடலாம். மோசமான பகுதியே முழு வழியின் மதிப்பு என்னும் விதியைப் பின்பற்றினால் நான்கு. என் மகள் கடக்க வேண்டியது சராசரியை அன்று, அந்தச் சந்திப்பை.

இதற்கெல்லாம் மாற்றுக் கருத்து உண்டு. அதைப் புறந்தள்ளக் கூடாது. நம் நகரச் சாலைகள் அகலம் குறைந்தவை, இருக்கும் இடத்தைப் பெரும்பான்மையோரின் வாகனங்களுக்குக் கொடுக்காமல் சில மிதிவண்டிகளுக்கு ஒதுக்குவது எப்படி நியாயம் என்று கேட்கிறார்கள். டெல்லியில் அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை 2008இல் திறக்கப்பட்ட விரைவுப் பேருந்துத் தடத்தை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். பேருந்துக்கும் மிதிவண்டிக்கும் தனித்தனி இடம் ஒதுக்கிய அந்த 5.8 கிலோமீட்டர் சாலை, கார் ஓட்டுபவர்களின் கடும் எதிர்ப்பைச் சந்தித்து 2016இல் அகற்றப்பட்டது. புனேயிலும் 2006 முதல் விரைவுப் பேருந்துத் தடங்களுடன் மிதிவண்டித் தடங்களும் அமைக்கப்பட்டன. அவை முழுமையாக வெற்றி பெற்றன என்று எவரும் சொல்லமாட்டார்கள். பணம் செலவழித்துப் பார்த்தாயிற்று, மக்கள் வரவில்லை என்பது வலுவான வாதமாகத் தோன்றுகிறது.

ஆனால் அறுந்த வழியில் ஆள் வராததை வைத்து வழியே தேவையில்லை என்று முடிவு கட்ட முடியுமா? ஆற்றின் நடுவில் ஒரு கண் இல்லாத பாலத்தைக் கட்டிவிட்டு, எவரும் இந்தப் பாலத்தைப் பயன்படுத்துவதில்லை என்று சொல்வது போன்றது இது. மேலும், ஆள்கள் மிகுந்தால் பாதுகாப்பும் மிகும் என்பதற்குச் சான்று இருக்கிறது. ஜேக்கப்சன் என்னும் ஆய்வாளர் 2003இல் பல நகரங்களின், நாடுகளின் கணக்கை வைத்துக் காட்டியது இதையே. மிதிவண்டி ஓட்டுவோர் பெருகும்போது ஒவ்வொருவருக்கும் உள்ள ஆபத்து குறைகிறது. எது காரணம், எது விளைவு என்பதில் அறிஞர்களிடையே விவாதம் உண்டு. ஓட்டுநர்கள் எதிர்பார்க்கப் பழகுகிறார்கள் என்பது ஒரு விளக்கம். சாலை நன்றாக இருப்பதால்தான் ஆள்கள் வருகிறார்கள் என்பது மற்றொன்று. எப்படியாயினும் வராதவர்களைக் காரணம் காட்டிச் சாலையைச் செப்பனிடாமல் விடுவதற்கு இரண்டு விளக்கங்களிலும் இடமில்லை.

நெதர்லாந்தை இன்று மிதிவண்டியின் தாய்நாடு போலப் பேசுகிறோம். 1971இல் அச்சிறிய நாட்டின் சாலைகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் நானூறுக்கும் மேற்பட்டோர் சிறுவர்கள். குழந்தைகள் கொல்லப்படுவதை நிறுத்துங்கள் என்ற முழக்கத்தோடு பெற்றோர் தெருவில் இறங்கிய பின்னரே அங்கே சாலைகள் மாறத் தொடங்கின. அவர்களுக்கும் இந்த நற்பேறு தானாக வந்துவிடவில்லை.

எனவே என் கருத்து இதுதான். நகரச் சாலை மிதிவண்டிக்குப் பாதுகாப்பானதா என்று மதிப்பிடும்போது, பதின்மூன்று வயதுப் பிள்ளை அதில் தனியே செல்லலாமா என்பதையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும். பிள்ளைக்கு ஏற்ற சாலை, இரவுப் பணி முடித்துக் களைத்து வரும் காவலாளிக்கும் மீன்கூடையோடு செல்லும் மூதாட்டிக்கும் ஏற்றதாக இருக்கும். நன்கு பழகிய இளைஞனை அளவுகோலாக்கினால் மற்ற எல்லோரும் விடுபட்டுப் போவார்கள். மதிப்பீட்டை மிதிவண்டியில் சென்றே செய்ய வேண்டும். பள்ளி நேரத்தில் ஒருமுறை, இருட்டிய பின் ஒருமுறை. முடிவைக் கிலோமீட்டரில் சொல்லாமல், அறுந்த இடங்களின் பட்டியலாகச் சொல்ல வேண்டும். புனே மாநகராட்சி 2017இல் நகருக்கென ஒரு விரிவான மிதிவண்டித் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. 2020இல் மத்திய அரசு மிதிவண்டிகளுக்காக நடத்திய அறைகூவலில் நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்கள் பங்கேற்றன. திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. என் மூன்றாம் பகுதி போன்ற ஒரு சந்திப்பைச் சரிசெய்ய மேம்பாலம் கட்டும் பணம் வேண்டியதில்லை. திரும்பும் வளைவின் அகலத்தைச் சுருக்கி, இடப்புறம் திரும்புவோருக்கும் சமிக்ஞை வைத்து, நிறுத்தற்கோட்டுக்கு முன்னால் மிதிவண்டிகள் நிற்க இடம் விட்டால் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

பிறருக்கு இவ்வளவு சொல்கிறவன் தன் வீட்டைப் பார்க்க வேண்டுமல்லவா? எங்கள் கிளையின் காவலாளி தினமும் ஒன்பது கிலோமீட்டர் மிதித்து வருகிறார். சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு, பெயர் தெரியாத ஏதோ ஒரு வாகனம் இடித்துவிட்டு நிற்காமல் போயிற்று. தோள்பட்டை எலும்பு முறிந்து ஏழு வாரம் வேலைக்கு வரவில்லை. இடித்த வாகனம் இன்னதென்று தெரியாத விபத்துகளில் இறப்புக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் வழங்கும் திட்டம் 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருப்பதை அப்போதுதான் நாங்கள் தேடி அறிந்தோம். காவல் நிலையத்தில் பதிவு இல்லாமல் அதற்கு விண்ணப்பிக்க வழியில்லை. அவர் பதிவு செய்திருக்கவில்லை. ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் ரூபாய் வரை விபத்துக் காப்பீடு தரும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் அவரைச் சேர்த்திருந்தோமா என்று பார்த்தேன். ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களைச் சேர்த்த எங்கள் கிளை, வாசலில் நிற்பவரைச் சேர்க்க மறந்திருந்தது. இப்போது சேர்த்தாயிற்று. எலும்பு முறிவுக்கு அது பணம் தராது, இறப்புக்கும் நிலையான ஊனத்துக்குமே தரும் என்பதையும் அவரிடம் தெளிவாகச் சொன்னேன். 18 முதல் 70 வயது வரை சேமிப்புக் கணக்கு வைத்திருக்கும் எவரும் சேரலாம். இதைப் படிப்பவர்கள் தங்கள் குடியிருப்பின் காவலாளியிடமும் பால்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். எங்கள் கிளையின் முன்னால் பதினான்கு கார்கள் நிறுத்தக் கோடு போட்டிருக்கிறது. மிதிவண்டி நிறுத்த ஒரு கம்பிகூட இல்லை. காவலாளி தம் வண்டியை ஜெனரேட்டருக்குப் பின்னால் வைத்திருந்தார். ஒரு கார் நிற்கும் இடத்தில் எட்டு மிதிவண்டிகள் நிற்கலாம். மேலிடத்துக்கு எழுதி அனுமதி பெற இரண்டு வாரம் ஆயிற்று. கம்பி போட ஒரு நாள். இப்போது அங்கே தினமும் ஐந்தாறு வண்டிகள் நிற்கின்றன. இவர்கள் இதுவரை வண்டியை எங்கே விட்டுவிட்டு வந்தார்கள் என்று தெரியவில்லை.

ஒரு மாதத் தவணை முடிந்த நாளில் குறிப்பேட்டை மகளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, “அப்போ சந்திப்பு மட்டும்தானே பிரச்சினை?” என்றாள். இரண்டாம் பகுதியை அவள் எளிதாக மன்னித்துவிட்டாள். இருவரும் சேர்ந்து ஒரு வழியைக் கண்டோம். பெரிய சாலைக்கு இணையாகச் செல்லும் உட்தெருக்கள் வழியே போனால் 700 மீட்டர் கூடுதல், ஆனால் இரண்டாம் பகுதி முழுவதும் தவிர்ந்துவிடும். சந்திப்பை மட்டும் தவிர்க்க முடியவில்லை. அங்கே இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு, நடப்பவர்களுக்கான கோட்டின் மேல் கடப்பதாக ஒப்பந்தம். முதல் இரண்டு மாதம் நானும் உடன் வருவதாகவும் ஒப்பந்தம். அப்பகுதியைப் பற்றி மூன்று பக்கக் கடிதம் ஒன்றை, அவள் வரைந்த படத்தோடு, வட்டார அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டும் வாங்கியிருக்கிறோம்.

இதை எழுதும்போது எட்டாவது வாரம் நடக்கிறது. வழியில் அவளுடைய வகுப்புத் தோழிகள் இருவர் சேர்ந்துகொண்டார்கள். அவர்களின் பெற்றோர் என்னிடம் தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி, “அந்தச் சந்திப்பை எப்படிக் கடக்கிறீர்கள்?” என்பதே. குறிப்பேட்டில் மூன்றாம் பகுதிக்கு எதிரே இன்னும் நான்கு என்றுதான் இருக்கிறது. அதுவரை அவர்கள் மூவரும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகிறார்கள், நானும்.